சாந்த நிலையில் சொன்ன சொல்

இதனால் ஆவடி, பருத்திப்பட்டு, கரையான்சாவடி, பூந்தமல்லி சுற்றுவட்டாரத்துப் பொதுமக்கள் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிப்பது யாதெனில்: மருத்துவ உலகம் இதுநாள்வரை காதுகொடுத்துக் கேட்டிராத நோயாளியின் குரலை, சுகவாசம் பன்னோக்கு மருத்துவமனை இனிமேல் கேட்கவிருக்கிறது. எந்த உறுப்பில் அறுவை, எந்தப் பக்கத்தில் அறுவை, செய்யலாமா கூடாதா என்பதையெல்லாம் இனி நோயாளியே அறுவை அரங்கில் தம் திருவாயால் அறிவிப்பார். அவர் வாய்ச்சொல்லே இறுதியானது. அதற்குமேல் டாக்டருக்கும் பேச்சில்லை.

'டாக்டருக்கும் ஆண்டவனுக்கும் பேச்சில்லை' என்றுதான் முதலில் எழுதியிருந்தார்களாம். எதிரே மாதா கோவில் இருப்பதை யாரோ ஞாபகப்படுத்தியதால் அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டதாகக் கேள்வி.

இந்த அறிவிப்பு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஓடுகிற ஷேர் ஆட்டோக்களின் முதுகில் ஃப்ளெக்ஸாக ஒட்டப்பட்டிருந்தது. அப்படி ஒரு ஆட்டோவை ஓட்டுகிறவர்தான் கோவில்பதாகை ஊர்க்காரர் எத்திராஜ். ஓட்டுகிறவன் தன் வண்டியின் முதுகை எங்கே பார்க்கிறான்? பின்னால் வருகிறவர்களெல்லாம் சிக்னலில் நின்று படித்துப் பயன்பெற, எத்திராஜ் மட்டும் அந்தப் பெருமகிழ்ச்சியைப் படிக்காமலே சுமந்துகொண்டு திரிந்தார்.

படிக்க வேண்டிய வேளை அவருக்கும் வந்தது. கரையான்சாவடிப் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட பள்ளத்தில் வண்டி இறங்கிவிட்டது. பயணிகள் உள்ளேயே உட்கார்ந்து உற்சாகப்படுத்த, எத்திராஜ் ஒற்றை ஆளாய்த் தள்ளினார். வண்டி மேலே ஏறியது. இடது முழங்காலுக்குள் ஏதோ 'பொடக்'கென்றது. ஜவ்வு கிழிந்திருக்கிறது, சின்னத் துளை போட்டுச் சரிசெய்துவிடலாம் என்றார் சுகவாசத்தின் எலும்பு டாக்டர்.

இங்கே எத்திராஜின் கால்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆட்டோவில் கிளட்ச் கையில், கியர் கையில், ஆக்சிலேட்டர் கையில். பிரேக் ஒன்றுதான் காலில், அதுவும் வலது காலில். ஆகவே இத்தனை வருஷமும் எத்திராஜின் குடும்பத்தைக் காப்பாற்றியது வலது கால்தான். எத்தனை தண்ணி லாரிகளுக்கு முன்னால், எத்தனை கண்டெயினர்களுக்குப் பின்னால் அது வண்டியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது! இடது கால் அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கெட்டுப்போனது வேடிக்கை பார்த்த கால்தான் என்பதில் எத்திராஜுக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

அந்த ஆறுதலைக் கெடுத்தவன் ஸ்டாண்டில் அவருக்கு அடுத்த வண்டிக்காரனான யூஜின்.

"மாமே, ஆப்பரேசனுக்கு இன்னா ஊசின்னு கேட்டியா?"

"முதுவுல போடுவாங்களாம். இடுப்புக்குக் கீய மரத்துப்பூடுமாம்."

"அத்த உடு. அது காலுக்கு. அப்பால கையில ஒண்ணு போடுவான் பாரு, பயம் போறதுக்குன்னு சொல்லிக்கினு. அதான் பேஜாரு. தூங்கவும் மாட்டே, முழிச்சிக்கினும் இருக்க மாட்டே. இன்னா கேட்டாலும் சிரிச்சிக்கினே சரின்னுடுவே. அப்பறம் எதுவும் ஞாபகமும் இருக்காது."

"நீ போட்டுக்கினியா?"

"எங்க சித்தப்பா போட்டுக்கினாரு. மூலத்துக்குப் போனவரு. ஊசி போட்டுட்டு, அய்யா, உங்களுக்குக் குடலெறக்கமும் கீது, அத்தயும் பாத்துடலாமான்னு கேட்டிருக்கானுங்க. 'தாராளமா'ன்னாராம். பொறந்ததுலேர்ந்து அந்த வார்த்தயே அவர் வாயில வந்தது இல்ல மாமே! பொங்கலுக்குக் கரும்பு ஒடச்சிக் குடுக்கமாட்டாரு."

சொல்லிவிட்டு எத்திராஜைக் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்பக்கம் கூட்டிப்போனான் யூஜின். எத்திராஜ் முதல்முறையாகத் தன் ஆட்டோவின் முதுகைப் படித்தார். 'எந்தப் பக்கத்தில் அறுவை, செய்யலாமா கூடாதா என்பதையெல்லாம் இனி நோயாளியே அறுவை அரங்கில்...' என்ற இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது.

"அரங்குலன்னா... ஊசி போட்டப்பறமா?"

"அதத்தான் நான் சொல்லிக்கினு கீறேன்."

ஊசி போட்ட பிறகு கேட்பார்கள். ஊசி போட்ட பிறகு தான் என்ன சொல்வோம் என்பது தனக்கே தெரியாது. வலது என்று சொல்லிவிட்டால்?

இதற்கு யூஜினிடமே ஒரு வழி இருந்தது. ஒத்திகை. மயக்க ஊசி வெளியே கிடைக்காது. அதற்கு அண்ணன் தம்பி முறையான சரக்கு கிடைக்கும். அன்று சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்டு இருவரும் ஏரிக்கரை ஓரம் உட்கார்ந்தார்கள். முதல் கிளாஸுக்குப் பிறகு யூஜின் டாக்டர் குரலில் கேட்டான்: "எந்தக் காலு?"

"எடது."

இரண்டாவது கிளாஸ். "எந்தக் காலு?"

"எடதுன்றேன் இல்ல? எத்தினி தபா கேப்பே?"

யூஜினுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது கிளாஸை ஊற்றினான். கொஞ்சம் பொறுத்து, "அண்ணாத்தே, வலது கால எடுத்துக்கட்டா?" என்றான் அன்பாக.

எத்திராஜ் அவனைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியது. "உனக்கு இல்லாத காலா மச்சான்! எத்துக்கோ" என்றார்.

மறுநாள் காலையில் இதை யூஜின் சொல்லக் கேட்டதும் அவருக்கு ஏறிய தலைவலி இறங்கிப்போய் அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து பிரேக் மிதிக்கும்போதெல்லாம் வலது காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார், ஊருக்குப் போகும் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

விஷயம் மனைவி கண்ணம்மா காதுக்குப் போனது. கண்ணம்மா கல்யாண வீடுகளுக்கு மருதாணி போடப் போகிறவள். அவள் பயத்தோடு ரொம்ப நேரம் உட்கார்ந்து பேசுகிற ரகம் இல்லை.

"காலை நீட்டுய்யா" என்றாள்.

வலது முழங்காலின் மேல் கோன் மருதாணியால் கொட்டை எழுத்தில் 'இது வேணாம்' என்று எழுதினாள். சுற்றிலும் ஒரு மாங்காய்க் கொடியும் விட்டாள், கை சும்மா இருக்கவில்லை. "கய்வினா போவாது. பத்து நாளைக்கி நிக்கும். எந்த டாக்டரு கண்ணு இத்தத் தாண்டிப் போவுதுன்னு பாக்கறேன்."

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து எத்திராஜ் எல்லாரிடமும் சொன்னார். வாசல் காவலாளியிடம் சொன்னார், "எடது காலுங்க." லிஃப்ட்காரரிடம் சொன்னார். சக்கர நாற்காலி தள்ளியவரிடம் சொன்னார். எல்லாரும் ஒரேமாதிரி கைகூப்பி, "அதை உள்ளே சொல்லுங்க ஐயா, உங்க வாய்ச்சொல்லே இறுதியானது" என்றார்கள். அப்படிச் சொல்லப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

வார்டில் அவரைப் பார்க்க வந்தவள் வர்ஷா. கோயம்புத்தூர்ப் பெண், பருத்திப்பட்டில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறாள், முன்பு ஏதோ கணினிக் கம்பெனியில் வாடிக்கையாளர் திருப்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இங்கே அவளுக்கு நோயாளிக் குரல் மேம்பாட்டு அலுவலர் என்று பதவி.

"வணக்கங்ணா! பயமா இருக்குங்களா?"

"யம்மா, எடது காலும்மா. வலது இல்ல. எய்திக்கோ."

வர்ஷா, குழந்தை சாக்லேட் கேட்டதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அதை இப்ப எழுத முடியாதுங்ணா. முழிப்புல சொல்றதை நாங்க கணக்குல எடுத்துக்கறதில்லைங்க."

"ஏம்மா?"

"முழிச்சிருக்கறப்ப நீங்க சொல்றது நீங்க சொல்றது இல்லைங்ணா, உங்க பயம் சொல்றது. நாங்க உங்க பயத்தோட குரலைக் கேக்கக்கூடாதில்லீங்களா? உங்க குரலைத்தான் கேக்கணும். ஊசி போட்டதும் பயம் போயிரும். அப்புறம் வர்றதுதான் நிஜமான குரல். அதுக்குப் பேரு சாந்த நிலை."

"அப்ப எனக்கு நெனவே இருக்காதேம்மா!"

"அதுதாங்ணா அழகே" என்றாள் வர்ஷா. அவள் அதை மனப்பூர்வமாக நம்பினாள். கெட்ட எண்ணம் உள்ள பெண்ணாக இருந்திருந்தால் எத்திராஜ் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

கண்ணம்மா குறுக்கே வந்தாள். "இந்தாம்மா, அந்த ரெண்டாவது ஊசியே வேணாம்னா? முதுவு ஊசி மட்டும் போடுங்க. என் ஊட்டுக்காரரு முழிச்சிக்கினே கெடக்கட்டும்."

"வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்குதுங்க்கா. ஊசி போட்டதும் உள்ள அவரே சொல்லிரலாம்."

கண்ணம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டாள். எத்திராஜ் அறிந்தவரை இது முதல் தடவை. அதைப் பார்த்தபோதுதான் அவர் வலது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

காலைச் சுத்தம்செய்ய வந்த நர்ஸ் ரோஸி மருதாணியைத் தேய்தேயென்று தேய்த்தாள். போகவில்லை. மேலே தகவல் சொன்னாள். மேலேயிருந்து இரண்டுபேர் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். 'நோயாளியின் கலை ஈடுபாடு' என்ற தலைப்பில் அது ஆஸ்பத்திரியின் முகநூல் பக்கத்துக்குப் போயிற்று. முழங்கால்மேல் பச்சைத்துணியைப் போட்டு மூடினார்கள்.

அறுவை அரங்கு மாமண்டூரில் பஸ் நிற்கிற ஓட்டலின் குளிர்ப்பெட்டி போல ஜில்லென்று இருந்தது. மயக்க மருத்துவர் நிர்மல், மெலிந்த இளைஞர், எத்திராஜை உட்காரவைத்து முதுகை வளைக்கச் சொன்னார். தண்டுவடத்தில் ஊசி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பாதம் சூடானது, கணுக்கால் கனத்தது, பிறகு இரண்டு கால்களும் மெதுவாக அவரைவிட்டு எழுந்து எங்கேயோ போய்விட்டன. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இரண்டு பச்சை மேடுகள் இருந்தன. அவை யாருடையனவாகவும் இருக்கலாம்.

"சார்" என்றார் எத்திராஜ் நிர்மலின் கையைப் பிடித்துக்கொண்டு. "எடது, சார்."

நிர்மல் ஒருமுறை கதவைப் பார்த்தார். குனிந்து காதருகில், "எனக்குத் தெரியும் ஐயா. ஸ்கேன்லயே தெரியுது. ஆனா எனக்குப் பேச்சில்லை" என்றார். சொல்லிவிட்டு எத்திராஜின் கையில் ஏற்றியிருந்த குழாயில் இரண்டாவது ஊசியைச் செலுத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து மருத்துவமனை இயக்குநர் டாக்டர் வெற்றிச்செல்வன் பரிவாரத்தோடு நுழைந்தார். பின்னால் வர்ஷா. அவளுக்குப் பின்னால் கேமரா. கேமராவுக்குப் பின்னால் ஒரு குத்துவிளக்கு. ஆக்சிஜன் இருக்கும் இடம் என்பதால் பேட்டரியில் எரிவது. இயக்குநர் அதன் சுவிட்சைப் போட்டுத் துவக்கிவைத்தார். எல்லாரும் நோயாளி உரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். எலும்பு டாக்டர் கத்தியைப் பிடித்தபடியே எடுத்துக்கொண்டார்.

எத்திராஜ் உள்ளே வேறொரு வேலையில் இருந்தார். பயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அது போகப் பார்த்தது. தோளிலிருந்து யாரோ சட்டையை மெல்லக் கழற்றுவதுபோல நழுவியது. போகவிடக்கூடாது, போய்விட்டால் நான் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரிந்தது. பயமுறுத்துகிற விஷயங்களாகத் தேடித்தேடி நினைத்தார். மழை நாளில் எதிரே வருகிற தண்ணி லாரியை நினைத்தார். வலது கால் இல்லாமல் அதற்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தார். அது நல்ல பயம். அதைப் பிடித்துக்கொண்டார். எடது, எடது, எடது. லாரி நெருங்கியது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

"அன்பு நண்பர்களே" என்று கேமராவுக்குச் சொன்னார் இயக்குநர். "ஒரு காலம் இருந்தது. நோயாளி விழித்திருந்தார். விழித்திருந்தவர் என்ன செய்தார்? கேள்வி கேட்டார். ஏன் இந்த மருந்து, ஏன் இந்தச் சோதனை, இது தேவையா? கேள்வி என்பது என்ன? நோயின் அறிகுறி! அந்த அறிகுறியை நாங்கள் குணப்படுத்தினோம். எங்கள் ஆய்வில் ஓர் உண்மை வெளிப்பட்டது. சாந்த நிலையில் கருத்துச் சொன்ன நோயாளிகளில் ஒருவர்கூட எங்கள்மேல் குறை சொல்லவில்லை. ஒருவர்கூட! இதைவிட ஒரு மருத்துவமனைக்கு என்ன சான்று வேண்டும்? விழித்த பிறகு சிலர் குறை சொன்னார்கள். அது அவர்களுடைய உடல்நிலை."

கைதட்டினார்கள். எத்திராஜும் தட்டப் பார்த்தார். ஒரு கையில் குழாய் இருந்தது. என்ன அருமையாகப் பேசுகிறார் இந்த மனிதர் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எங்கோ கடைசியாக ஒரு சின்னப் பயம் அலறியது. தான் பயப்படவில்லையே என்கிற பயம். அதுவும் கிணற்றுக்குள் விழுந்த சொம்புபோலக் கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

வர்ஷா குனிந்தாள். "அண்ணா, சாப்பாடு எப்படிங்க இருந்துச்சு?"

முந்தின ராத்திரியிலிருந்து அவருக்குப் பச்சைத்தண்ணீர்கூடக் கொடுத்திருக்கவில்லை.

"பிரமாதம்" என்றார் எத்திராஜ்.

அடுத்து எத்திராஜ் பார்த்தது வார்டின் மின்விசிறியை.

நடுவில் ஒன்றுமே இல்லை. படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், வரும்போது எல்லாரும் எழுந்து போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது. பக்கத்தில் கண்ணம்மா. சன்னலில் மத்தியான வெயில். எத்திராஜ் மோட்டுவளையைப் பார்த்தபடியே கேட்டார்:

"இன்னாமே... எது?"

"தெர்லய்யா" என்றாள் கண்ணம்மா. அவள் குரல் நன்றாக இல்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கால்களும் தொடையிலிருந்து விரல்வரை ஒரே நீலத்துணியால் சுற்றப்பட்டு, மேலே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பூப்போட்ட முடிச்சு.

"இத்த இன்னாத்துக்குக் கட்டி வச்சிக்கிறாங்க?"

"தெறப்பு விழாவாம்."

நர்ஸ் ரோஸி வந்தாள். எத்திராஜ் அவளிடம் கெஞ்சினார். "சிஸ்டர், நீங்களும் ஆவடிதானே? மாதா மேல சத்தியமாக் கேக்கறேன், எந்தக் காலு?"

ரோஸி சுற்றுமுற்றும் பார்த்தாள். "நான் அரங்குக்குள்ள வரலைண்ணே. எனக்கும் தெரியாது. டைரக்டர் சார் வந்து ரிப்பன் வெட்டுறவரைக்கும் யாரும் பிரிக்கக்கூடாதுன்னு ஆர்டர். மனசைத் தேத்திக்கங்க. மரத்துப்போனது விட்டதும் எந்தக் கால் வலிக்குதோ..." என்று ஆரம்பித்தவள், வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் போய்விட்டாள்.

எத்திராஜ் கையை நீட்டி இடது தொடையைக் கிள்ளினார். மரக்கட்டை. வலது தொடையைக் கிள்ளினார். அதுவும் மரக்கட்டை. வலது கால் கட்டைவிரலை ஆட்டச் சொல்லி மனசாலே கட்டளையிட்டார். நீலத்துணி அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கால் அவர் பேச்சைத் தட்டியதே கிடையாது.

"கண்ணம்மா, வலது பூட்டுதுன்னா வண்டி ஓட்ட முடியாதுமே."

"வாயக் கய்வு."

"யூஜின் கைல குடுத்துட வேண்டியதுதான் வண்டிய."

"யோவ், அய்வாதய்யா. நீ அய்தா எனக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல."

அவர் வலிக்காகக் காத்திருந்தார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களெல்லாம் வலி போகவேண்டும் என்று மாங்காடு காமாட்சிக்கும் எதிரே இருக்கும் மாதாவுக்கும் வேண்டிக்கொண்டிருந்த வார்டில், வலி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். வரவேண்டும், இடது காலில் வரவேண்டும். அம்மா தாயே, நல்லா வலிக்கட்டும்.

முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. இரண்டு காலிலும் ஊர்ந்தது. எந்தப் பக்கம் அதிகம் என்று கண்ணை மூடிக் கவனித்தார். வலது பக்கம் ஏதோ சுருக்கென்றது. கண்ணம்மாவின் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் இரண்டு கண்ணாடி வளையல்கள் உடைந்தன.

அப்புறம் மெதுவாக, ஆழத்திலிருந்து, ஆணி இறக்கினாற்போல ஒரு வலி எழும்பியது. எழும்பி முழங்காலைச் சுற்றிப் படர்ந்தது.

இடது முழங்காலை.

"எடதுமே! எடது வலிக்குதுமே! அய்யோ, உயிர் போவுதுமே!" என்று எத்திராஜ் சிரித்தார். கண்ணீர் காதுக்குள் ஓடியது. கண்ணம்மா அவர் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு விசும்பினாள். ஓடிவந்த ரோஸியும் சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள், இந்த ஆளுக்கு மட்டும் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று விசாரித்தார்கள்.

சாயங்காலம் இயக்குநர் வந்து ரிப்பனை வெட்டினார். நீலத்துணி விலகியது. இடது முழங்காலில் வெள்ளைக் கட்டு. வலது முழங்காலில் ஒரு கீறல் இல்லை. 'இது வேணாம்' பளிச்சென்று சிவந்திருந்தது. எத்திராஜ் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்கு எதற்கு நன்றி? எல்லாம் உங்கள் குரல்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் கையசைத்தார். வார்டு டிவியில் வீடியோ ஓடியது.

டிவியில் எத்திராஜ் படுத்திருந்தார். எத்திராஜ் தன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

"எந்தக் கால்ங்ணா?" என்றது வர்ஷாவின் குரல்.

"எதுனா பண்ணிக்கோ கண்ணு. ரெண்டும் உங்க காலுதான்."

ஒரு கை பச்சைத்துணியை விலக்கியது. "இந்தக் கால்ல 'இது வேணாம்'னு எழுதியிருக்குங்களே?"

"அதுவா? எங்கூட்டுக்காரி வெளாட்டுக்கு எய்தினா. நீ கண்டுக்காத."

கண்ணம்மா மெதுவாகத் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். எத்திராஜ் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரையில் இயக்குநர் இரண்டு கால்களையும் மாறிமாறிப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். கேமரா இடது பக்கம் நின்றிருந்தது. "அப்படியென்றால் இன்றைக்கு இதைச் செய்வோம்" என்று இடது காலைக் காட்டினார். எலும்பு டாக்டர் நீண்ட பெருமூச்சு விட்டது முகமூடிக்கு மேலேயே தெரிந்தது.

"அதுக்குக் கோவம் வரப்போவுது சார்" என்றார் திரையில் எத்திராஜ், வலது காலைப் பார்த்து மிகுந்த பரிவோடு. "அதயும் ஒரு நாளு பண்ணி உட்டுடுங்க."

"வியாழக்கிழமைங்களா?" என்றது வர்ஷாவின் குரல்.

"தாராளமா!"

வார்டே கைதட்டியது. வீடியோ முடிந்து ஆஸ்பத்திரியின் சின்னம் சுழன்றது. எத்திராஜ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"வேணாம் சார்! அந்தக் காலு நல்லாக் கீது சார்! அதுல ஒண்ணுமே இல்ல!"

"பாருங்கள்" என்றார் இயக்குநர் சுற்றியிருந்தவர்களிடம், வருத்தத்தோடு. "காலையில் எவ்வளவு தெளிவாக இருந்தார்."

"டைரக்டர் சாரே!" கண்ணம்மா இடுப்பில் முந்தானையைச் செருகினாள். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம். ஆட்டோ கூட்டியாந்து என் புருசன ஏத்திக்கினு ஊட்டுக்குப் போறேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்!"

"யாருமே தடுக்கலீங்க்கா" என்றாள் வர்ஷா, அவள் தோளை மென்மையாகத் தொட்டு. "தாராளமா ரத்து பண்ணிக்கலாம். அவர் வாய்ச்சொல்தான் இறுதியானது. ஆனா சாந்த நிலையில சொன்னதைச் சாந்த நிலையிலதான் மாத்த முடியும். சின்ன ஊசிதாங்க. ஒரே கேள்வி. இல்லைன்னு சொல்லிட்டார்னா முடிஞ்சுது, யாரும் அந்தக் காலைத் தொடமாட்டாங்க. நீங்களும் கூடவே நின்னுக்கலாம்."

எத்திராஜ் கண்ணம்மாவைப் பார்த்தார். கண்ணம்மா எத்திராஜைப் பார்த்தாள். தப்பி ஓடலாம்தான், ஆனால் ஒரு காலில் கட்டு, இன்னொரு காலில் இன்னும் பாதி உயிர்தான் வந்திருந்தது. அதோடு, பெயர் வியாழக்கிழமைப் பட்டியலில் ஏறிவிட்டது. அன்று காலையில் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வருமாம். அதுவும் நோயாளி சேவைதானாம்.

"ஒரே வார்த்தய்யா" என்றாள் கண்ணம்மா. "நான் உன் கையப் புட்ச்சிக்கினு கீறேன். கேட்டதும் அமுத்துவேன். 'இல்ல'ன்னு சொல்லிடு. அவ்ளதான். இத்தினி வருசம் என்னாண்ட எத்தினி தபா சொல்லிக்கிறே!"

"சொல்லிடறேன்."

"இன்னா சொல்லுவே?"

"இல்ல."

"இன்னொரு தபா."

"இல்ல. இல்ல. இல்ல."

நிர்மல் ஊசியோடு வந்தார். எத்திராஜின் கண்ணைப் பார்க்காமல் குழாயைப் பிடித்தார். எத்திராஜ் உதடு அசைய அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தார். தோளிலிருந்து எதுவோ நழுவத் தொடங்கியது. கண்ணம்மா கையைப் பலமாக அமுக்கினாள்.

நோயாளியின் அன்பான வேண்டுகோளுக்கிணங்க, வலது கால் அறுவை வியாழக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு முன்கூட்டியே மாற்றப்பட்டது.